எச் பி என்றால் பிறேமன்

மே 4, ஞாயிறு

பிரிட்ஜ் கதவைத் திறந்தால் ஜேர்மனி முழுவதும் காலடியில் கொட்டுகிறது. ஜேர்மன் பாஷை படிக்கிற மகள் நடாஷா மஞ்சள் தாள்களில் ஊர்ப்பெயர்களை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். பேர்லினுக்கு ஒற்றை எழுத்து, பி. கொலோனுக்குக் கே. ஹம்பேர்க்குக்கு மட்டும் இரண்டு எச். அங்கே கார்த் தகடுகளில் ஊரை இப்படித்தான் சுருக்குவார்களாம். பெரிய ஊர் என்றால் ஒரு எழுத்து, ஒருவரும் கேள்விப்படாத பட்டிக்காடு என்றால் மூன்று எழுத்து. உலகத்தில் எங்கேயாவது இப்படித் தலைகீழ் வழக்கம் உண்டா?

"ஏன் பிள்ளை ஹம்பேர்க்குக்கு ரெண்டு எச்?" என்று கேட்டது என் பிழை. அந்தக் காலத்து வணிக நகரங்கள், ஹன்ஸா, கூட்டணி, கப்பல் என்று தொடங்கி, அடுப்பில் சோறு குழையும் வரைக்கும் விட்டாளில்லை. பிறேமனும் ஹன்ஸாவாம், அதனால் அது எச் பி.

பிறகு "அர்" பாடம். பேர்லினில் இருக்கிறவன் பேர்லினர். பேர்லின் பேப்பரும் பேர்லினர். ஜாம் வைத்த பணிசும் பேர்லினர். "மற்றப் பெயரடை எல்லாம் வாலை மாத்திக்கொண்டே இருக்கும் அம்மா, ஊர்ப்பேரிலை வாறது மட்டும் அசையாது, அப்பிடியே நிக்கும்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் என்ன சந்தோஷம்! முப்பத்தொரு வயது, நகரத்தில் இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ நேரமில்லை. இதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

எல்லாம் அந்த றொய்சனுக்காக.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். பூச்செண்டும் வந்தது, வீடியோவில் றொய்சனும் வந்தான். போன வருடம் பரிசில் நடந்த கலியாணவீட்டில் இவளைச் சந்தித்தவன். துறைமுகத்தில் வேலை. தகப்பன் இராசரத்தினம், தாய் யூஜினி, எங்களைப்போல வேதக்காரர்தான். தமிழ் நல்லாய்க் கதைக்கிறான், அதைக் குறை சொல்லமாட்டேன்.

"தம்பி எந்த இடம்?" என்றேன். "பிறேமன் அன்ரி" என்றான். "நீங்கள் ரொறன்ரோதானே?" "ஓம், ரொறன்ரோ." நாங்கள் இருக்கிற விட்பியைச் சொல்லி, பிறகு அது எங்கே இருக்கிறதென்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்த ஆர் இருக்கினம்?

அவனும் ஒரு ஊர்ப்பெயர் விசர்தான். காசல் என்ற ஊரில் மூன்று வகை ஆட்களாம். வந்து குடியேறினவன் காசலர். அங்கே பிறந்தவன் காசலானர். தாய் தகப்பனும் அங்கேயே பிறந்திருந்தால்தான் காசலேனர். நடாஷா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் அங்கே போனால் கடைசி வரைக்கும் முதல் வகைதானே என்று நினைத்தேன். இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு ஏன் அந்தத் தலைவிதி?

மே 13, செவ்வாய்

அவன் அனுப்பிய படமொன்றில் பின்னால் கார் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். எச் பி. ஆகவே பிறேமன் என்றது பொய்யில்லை. என்னை ஒருவரும் ஏமாற்ற ஏலாது.

மே 24, சனி

டோட்முண்ட் பேபிக்குப் போன் அடித்தேன். என் சின்னம்மாவின் மகள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேபிகள். டோட்முண்ட் பேபி, பரிஸ் பேபி, ஏஜக்ஸ் பேபி. ஊர் சொல்லாவிட்டால் ஆளைப் பிடிக்கமுடியாது. "பிறேமன் இராசரத்தினத்தாரின்ரை மோன், துறைமுகத்திலை வேலை. எப்பிடி ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரி" என்றேன். "விடுங்கோ அக்கா, பிறேமனிலை எனக்குத் தெரிஞ்ச மனிசி ஒண்டு இருக்கு. அவவுக்குத் தெரியாத குடும்பம் அங்கை இல்லை" என்றாள்.

இவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு, "உமக்கு ஏன் உந்த வேலை? பெடியனோடை நேராய்க் கதைச்சால் முடிஞ்சுது" என்கிறார். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியும் அன்புராசா என்கிற இந்த மனிதனுக்கு உலகம் தெரியாது. விசாரிக்காமல் ஆராவது பெண் கொடுப்பார்களா? என்னைப் பற்றி இவரின் தாய் குருநகர் முழுக்க விசாரித்தவ. நான் படித்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டரைக் கூட விட்டுவைக்கவில்லை.

ஜூன் 14, சனி

மாதாவே.

பேபி போன் எடுத்தாள். எடுத்தவுடனேயே குரல் இறங்கியிருந்தது. "அக்கா, உந்தச் சம்பந்தம் வேண்டாம்." அந்தப் பிறேமன் மனிசி சொன்னதாம் - இராசரத்தினத்தாரின் மகன் ஒரு வெள்ளைப்பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்து, பிள்ளையும் ஒன்று இருக்கிறதாம். இப்போது பிரிந்துவிட்டார்களாம். தாய் தகப்பன் கதையை மூடி வைத்துக்கொண்டு வெளிநாட்டில் பெண் தேடுகிறார்களாம்.

"பேர் றொய்சன்தானோ?" என்று கேட்டேன். கேட்டேன், அதை எழுதி வைக்கவேண்டும். "வீட்டிலை சுஜி எண்டு கூப்பிடுறவையாம். பதிவுப் பேர் ஆருக்குத் தெரியும்?" எங்கள் ஆட்களில் எவருக்குத்தான் ஒரு பெயர்? இவரையே வீட்டில் குட்டி என்பார்கள்.

நல்லவேளை விசாரித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்கும் போகவில்லை. வீடு போர்க்களம்.

சொன்னேன். நடாஷா முதலில் சிரித்தாள். பிறகு வெளிறிப் போனாள். பிறகு, "அவன் அப்பிடி இல்லை. என்னட்டை எல்லாம் சொல்லியிருக்கிறான்" என்றாள். "நல்ல கதை! பிள்ளை இருக்கிறதைப் போட்டோ எடுத்து அனுப்புவானோ?" என்றேன். "அம்மா, ஜஸ்ட் ஆஸ்க் ஹிம். இப்பவே எடுக்கிறன், நீங்களே கேளுங்கோ" என்று போனை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். "எந்தக் கள்ளனடி தான் கள்ளன் எண்டு ஒத்துக்கொள்ளுவான்?"

அதன் பிறகு இவரைக் கொண்டு இராசரத்தினத்தாருக்குப் போன் எடுப்பித்தேன். எடுக்கமாட்டேன் என்று நின்றார். நான் சாப்பிடமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் எடுத்து, எங்களுக்குச் சரிவராது, குறை நினைக்காதையுங்கோ என்று மூன்று வசனம் சொன்னார். "ஏனெண்டு கேக்கலாமோ?" என்று அந்தாள் கேட்டது எனக்கும் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "வேண்டாம், விடுங்கோ" என்று வைத்துவிட்டார்.

தந்தையர் தினமாம் இன்றைக்கு. ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூன் 16, திங்கள்

நடாஷா முதல் ரெயினிலேயே வேலைக்குப் போய்விட்டாள். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

யூனியன்விலில் சிநேகிதி சிவானியின் பேஸ்மென்ட் காலியாக இருக்கிறதாம், நடாஷா அங்கே போகிறாளாம். உடுப்புப் பெட்டியைக் காரில் ஏற்றினாள். தகப்பன் உதவி செய்கிறார்! தடுக்காமல் உதவி செய்கிறார்!

நான் வாசலில் மறித்தேன். "ஆர் உன்ரை நன்மைக்குச் சொல்லினம் எண்டு தெரியாதோ உனக்கு?" என்றேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "அம்மா, பேபி அன்ரி சொன்ன அண்டைக்கு உங்கடை முகத்தைப் பாத்தனான். யூ வேர் ஹாப்பி. நான் ஜேர்மனிக்குப் போகத் தேவையில்லை எண்டு உங்களுக்குச் சந்தோஷம்" என்றாள்.

பெற்ற தாயிடம் சொல்லுகிற கதையா இது! எவ்வளவு நெஞ்சழுத்தம்!

கனடா தினமாம், விட்பி முழுக்க வாணவெடி. காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சந்தோஷமில்லை. ஒரு சொட்டு நிம்மதி இருந்தது. அது வேறு. வேறுதானே?

ஜூலை 19, சனி

ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு வேலை செய்கிற யோகராணி, "மகள் ஏன் இப்ப உங்களைக் கூட்டிப்போக வாறேல்லை?" என்று கேட்டா. வேலை கூட என்றேன். அதே பொய்யைக் கோயிலிலும் சொன்னேன். ஏஜக்ஸ் பேபிக்கும் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைப் பிள்ளை மாதிரித் தூக்கித் திரியவேண்டியிருக்கிறது.

பிரிட்ஜ் தாள்களை அவள் கிழிக்கவில்லை. நான் கிழிக்கலாம் என்று போனேன். டோட்முண்டுக்கு டி ஓ. எசனுக்கு ஈ. ஏனோ தெரியாது, நின்றுகொண்டு ஒவ்வொன்றாய் வாசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். இவர் பின்னால் வந்து, "என்ன, ஜேர்மன் சோதினையோ உமக்கு?" என்றார். வாயை மூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

எழுத முடிகிறதா பார்ப்போம்.

இன்றைக்குக் கெவலார் மாதா திருவிழா. ஜேர்மனியில் உள்ள எங்கள் ஆட்கள் எல்லாம் அங்கே சேருகிற நாள். காலையில் பேபி எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகளின் சத்தம், ஸ்பீக்கரில் செபமாலை. பேபி அழுகிறாள்.

"அக்கா, ரெண்டு இராசரத்தினம்!"

"என்னடி?"

"ரெண்டு பேர் அக்கா! ஒராள் பிறேமன், மற்றாள் பிறேமர்ஹாவன். கார் பார்க்கிலை ரெண்டு பேரும் நிக்கினம். ரெண்டு காரிலையும் எச் பி!"

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிடித்தேன். பிறேமர்ஹாவன் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறதாம், பிறேமனிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டமாம். இரண்டும் ஒரே மாநிலம், கார்த் தகட்டில் அதே எழுத்து. றொய்சன் குடும்பம் அங்கே. வெளியாருக்கு அந்த ஊர் தெரியாதென்று பிறேமன் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நாங்கள் ரொறன்ரோ என்கிற மாதிரி. பேபி விசாரித்ததோ பிறேமன் நகரத்துக்குள்ளேயே இருக்கிற இன்னொரு இராசரத்தினத்தாரை. அவரின் மகன்தான் சுஜி. அந்த மனிசி தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறா. பொய் சொன்னது ஒருவருமில்லை. கேட்ட ஆள்தான் பிழை.

பேபிக்கு எப்படித் தெரிய வந்தது? யூஜினி தானே தேடி வந்திருக்கிறா. "நீங்கள் நடாஷாவின்ரை அம்மாவுக்குச் சொந்தமாமே? எங்கடை பெடியனிலை என்ன குறையெண்டு வேண்டாமெண்டவை?" என்று கேட்டாவாம். பக்கத்தில் றொய்சன் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

"என்னடி சொன்னாய்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா. மாதாவைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கோதாரி! நானும் பேபியும் எங்கள் விசாரணையும்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"நீங்கள்தானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ" என்று இவரிடம் சொன்னேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அண்டைக்கு என்ரை வாயாலை உம்மடை கதையைச் சொன்னன். இனி உம்மடை கதைக்கு உம்மடை வாய்" என்றார்.

முப்பத்தைந்து வருடத்தில் இந்த மனிதன் ஒரு நாள் எதிர்த்துக் கதைத்தது. அதுவும் இன்றைக்கா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எடுத்தேன். வேலைக்குப் போகமுதல், உடுப்பும் மாற்றிவிட்டு, நின்றபடியே எடுத்தேன். இருந்தால் எழும்பமாட்டேன் என்று பயம்.

யூஜினியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். படத்தில் கார்த் தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்ததையும் சொன்னேன்.  

பிறகு, "நாங்களும் விசாரிச்சனாங்கள்தான்" என்றா.

எனக்கு உடனே கோபம் வந்தது. எங்களையா? எங்களைப் பற்றி விசாரிக்க என்ன இருக்கிறது? வெட்கம் கெட்ட கோபம். ஆனால் வந்தது.

"ரொறன்ரோ அன்புராசா எண்டு கேட்டனாங்கள். ஸ்காபரோவிலை இருக்கிற ஆராம், அவருக்கு ரெண்டு குடும்பமாம், ஒண்டு மிசிசாகாவிலையாம் எண்டு பதில் வந்தது" என்றா.

"ஐயோ, அது இவரில்லை!"

"தெரியும். நாங்கள் பிள்ளையையே கேட்டனாங்கள். வீடியோவிலை, 'நடாஷா, குறை நினைக்காதை, அப்பாவுக்கு ரெண்டு குடும்பம் எண்டு சொல்லினம், உண்மையோ?' எண்டு. பிள்ளை சிரிச்ச சிரிப்பு! 'அன்ரி, அப்பாவுக்கு இருக்கிற ஒண்டையே சமாளிக்கேலாமல் இருக்கு' எண்டுது. அதோடை விட்டிட்டம்."

இது நடந்தது ஏப்ரலில். நடாஷா எங்களுக்கு ஒரு மூச்சு விடவில்லை. தகப்பன் வெட்கப்படுவார் என்று விட்டிருப்பாள்.

"நீங்களும் எங்கடை பெடியனை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றா யூஜினி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் மன்னியுங்கோ என்றேன். பிறகு ரெயினைத் தவறவிட்டேன். அடுத்த ரெயினுக்காக ஸ்ரேசனில் நின்று அழுதேன். ஒரு வெள்ளைக்காரி வந்து ரிசுக் கடதாசி நீட்டினா.

ஆகஸ்ட் 16, சனி

யூனியன்வில் போனேன். இவர் காரிலேயே இருந்துவிட்டார். வேண்டுமென்றுதான்.

நடாஷாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கெவலாரிலிருந்தே றொய்சன் சொல்லியிருக்கிறான். அவர்கள் கதைப்பதை நிறுத்தவே இல்லையாம். நான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தது என் நினைப்பு மட்டும்.

"அப்ப பிறேமர்ஹாவன் எண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். பழியில் கொஞ்சத்தையாவது அவள் பக்கம் தள்ளலாமோ என்ற ஆசைதான், வேறென்ன.

"நீங்கள் கேக்கேல்லையே. பிறேமன் பெடியன், பிறேமன் பெடியன் எண்டு நீங்களே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள். நாங்கள் விட்பியிலை இருந்துகொண்டு ரொறன்ரோ எண்டுறேல்லையோ, அப்பிடித்தான் எண்டு நானும் விட்டிட்டன்."

"மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

"ஓகே அம்மா" என்றாள். அந்த ஓகே எனக்குத் தெரியும். வேலையிடத்து ஓகே. வீட்டுக்கு வா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மீன் கட்லட் கொண்டு போனேன், வாங்கி வைத்தாள்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

றொய்சன் எனக்குத் தனியாக எடுத்தான். அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தேன்.

"அன்ரி, இனி என்ன கேக்கிறதெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ. வேலை, சம்பளம், நோய் வருத்தம், பழைய சிநேகிதி, எல்லாம் சொல்லுவன்."

"பழைய சிநேகிதி இருந்தவவோ?" வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"ஓம், ஒராள். ஹனோவர்ப் பிள்ளை. யூனிவேர்சிற்றியிலை. நடாஷாவுக்குத் தெரியும்."

கேட்டவுடன் சொல்லிவிட்டான்! இவ்வளவு சுகமான வேலைக்கா நான் டோட்முண்ட் வரைக்கும் போனேன்? எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அப்ப எங்கை இருக்கப் போறியள் ரெண்டு பேரும்?" என்றேன். அதுதான் நான் உண்மையில் கேட்க வேண்டியிருந்த ஒரே கேள்வி.

"முதல் மூண்டு வருசம் இங்கை ஜேர்மனியிலை அன்ரி. பிறகு பாப்பம்."

தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் அவனுக்குத் தெரியுமா? "சரி தம்பி" என்று பிறகு சொன்னேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

நன்றி தெரிவித்தல் நாள். நடாஷா வந்தாள், சாப்பிட்டாள், இரவு தங்கவில்லை. கோழிக்கு உப்புக் காணாதென்றாள். நல்ல அறிகுறி.

கலியாணம் இங்கேதான், மே மாதம், எங்கள் கோயிலில். இருக்கப் போவது அங்கே. இதில் எதை நான் வென்றேன், எதைத் தோற்றேன்?

நவம்பர் 22, சனி

இன்றைக்குப் பாதர் கூப்பிட்டிருந்தார். கோயிலில் கலியாணம் எழுத முதல் மணமகள் பக்கத்துச் சாட்சியம் எடுக்கவேண்டுமாம். வழக்கமாகத் தாய் தகப்பனைத்தான் கேட்பார்களாம். நானும் நடாஷாவும் போனோம். அவளை வெளியே வாங்கில் இருத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயதுப் பாதர், மன்னார்ப் பக்கம். வேதாகமத்தில் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"நடாஷா இதுக்கு முதல் ஆரையாவது பதிவுத் திருமணமோ, வேற முறையிலை திருமணமோ செய்திருக்கிறாவோ?"

"இல்லை பாதர்."

"உங்களுக்கு நிச்சயமாய்த் தெரியுமோ?"

"என்ன பாதர் இது!"

"ஆரோடையாவது குடும்பமாய் வாழ்ந்திருக்கிறாவோ? பிள்ளை ஏதும் இருக்கோ? இந்தக் கலியாணத்துக்கு ஆராவது கட்டாயப்படுத்தினவையோ?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என் பிள்ளையைப் பற்றி! நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி! அவள் அங்கே கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, அவளுக்குப் பின்னால் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறதா?

"ஏன் பாதர் என்னைக் கேக்கிறியள்? அந்தா, வெளியிலை இருக்கிறாள், வாயுள்ள பிள்ளை. அவளையே கூப்பிட்டுக் கேளுங்கோவன்! அவள் உள்ளதைச் சொல்லுவாள்!"

பாதர் பேனையைக் கீழே வைத்தார். "அவவையும் கேப்பம் அம்மா. இது முறைக்குக் கேக்கிறது" என்றார். நல்ல பொறுமையான பிள்ளை.

நான் இன்னும் வேதாகமத்தில் கையை வைத்தபடி இருந்தேன். எடுக்கவும் தோன்றவில்லை. காது இரண்டும் சுட்டது. பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் மெல்லிய குரலில் இல்லை, இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. வெளியே வந்தபோது நடாஷா வாங்கில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழும்பி, என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதை ஜூனிலை சொல்லியிருக்கலாம் அம்மா" என்றாள்.

பாதர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் உள்ளே போனாள். நான் வாங்கில் இருந்துகொண்டு, கையை நீட்டிக் கதவைச் சாத்திவிட்டேன்.